பொழுதுபோக்கு ட்ரோன் பறக்கவிடும் முன் வான்வெளி பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாக ட்ரோன் வாங்கியவர்கள் முதல் வாரத்தில் கேட்பதும், ஓராண்டு பறக்கவிட்டவர்கள் ஏதாவது சிக்கலில் மாட்டியபின் கேட்பதும் இங்கே சேர்ந்திருக்கின்றன. பதில்கள் இந்தியாவுக்கானவை. அடிப்படை, 2021 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட ட்ரோன் விதிகள். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் தமிழ்நாட்டு ஊர்கள்.

எங்கே பறக்கலாம், எங்கே கூடாதுன்னு எதில் பார்க்கணும்? கூகுள் மேப்பில் தெரியுமா?

கூகுள் மேப்பில் தெரியாது. ஒன்றிய அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்தில் ‘ஏர்ஸ்பேஸ் மேப்’ என்று ஒரு வரைபடம் இருக்கிறது. 2021 செப்டம்பர் 24 அன்று முதலில் வெளியானது. அதைப் பார்க்கக் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை, லாகின் தேவையில்லை. நாடு முழுவதும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும்.

அந்த வரைபடம் அவ்வப்போது மாற்றப்படும். பறக்கவிடும் முன் புதிய நிலவரத்தைப் பார்ப்பது கட்டாயம். போன மாதம் நண்பர் எடுத்து அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் செல்லாது.

மூன்று நிறத்துக்கும் என்ன அர்த்தம்?

பச்சையில் தரையில் இருந்து 400 அடி, அதாவது சுமார் 120 மீட்டர் உயரம் வரை வான்வெளி அனுமதி எதுவும் வேண்டாம். சிவப்பில் ஒன்றிய அரசின் அனுமதி இல்லாமல் ஒரு அடி கூட எழும்பக் கூடாது. பொழுதுபோக்குக்காரர் அதைக் ‘கூடாது’ என்றே எடுத்துக்கொள்வது நல்லது. மஞ்சளில் அந்தப் பகுதி வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பின், அதாவது ஏடிசியின், அனுமதி வேண்டும்.

குழப்பம் விமான நிலையத்தைச் சுற்றித்தான். இயங்கும் விமான நிலையத்தின் எல்லைச் சுவரில் இருந்து 5 கிலோமீட்டருக்குள் சிவப்பு. 5 முதல் 8 கிலோமீட்டர் வரை தரையில் இருந்தே மஞ்சள். 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடி (சுமார் 60 மீட்டர்) வரைக்கும் பச்சை, அதற்கு மேலே மஞ்சள். 12 கிலோமீட்டரைத் தாண்டினால், வேறு தடை இல்லாத இடத்தில், 400 அடி வரை பச்சை. 400 அடி உயரத்துக்கு மேல் எங்கே போனாலும் மஞ்சள்தான்.

ஆகவே 8–12 வளையத்தில் ஒரே வயலுக்கு மேலே இரண்டு மண்டலங்கள் அடுக்காக இருக்கின்றன. நிறத்தைப் பார்த்ததோடு நிறுத்தாமல், அது எந்த உயரம் வரை என்பதையும் படிக்க வேண்டும். அதிகம் பேர் தவறுகிற இடம் இது.

8 கிலோமீட்டர்னா எங்கிருந்து அளக்கிறது? டெர்மினல் வாசலில் இருந்தா?

விமான நிலைய வளாகத்தின் சுற்றெல்லையில் இருந்து. கூகுள் மேப்பில் விமான நிலையத்தின் பெயரைத் தொட்டால் பெரும்பாலும் டெர்மினலில்தான் புள்ளி விழும். சென்னை மீனம்பாக்கத்தின் பிரதான ஓடுபாதை மட்டும் மூன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளம். டெர்மினலில் இருந்து 9 கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டவர், ஓடுபாதை நுனிப் பக்கத்து வேலியில் இருந்து 8-க்குள் இருக்கலாம். சாலைத் தூரமும் உதவாது, நேர்க்கோட்டுத் தூரம்தான் கணக்கு.

உங்கள் கணக்கு ஒரு முன்யோசனைக்கு மட்டும். கணக்கும் வரைபடமும் முரண்பட்டால் வரைபடமே சரி.

என் ட்ரோன் 249 கிராம்தான். எனக்குமா இதெல்லாம்?

ஆமாம். 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. நானோவுக்கு ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டாம், வகைச் சான்று (அந்த மாடலுக்கான அரசு அங்கீகாரம்) வேண்டாம், மூன்றாம் நபர் காப்பீடு வேண்டாம். ஆனால் மண்டல விதியில் எடைச் சலுகை கிடையாது. சிவப்பு மண்டலத்தில் 249 கிராமும் 2 கிலோவும் ஒன்றுதான்.

பறக்கும்போது இருக்கும் மொத்த எடையைத்தான் பார்ப்பார்கள். பெரிய பேட்டரியோ, இறக்கைக் காப்போ மாட்டினால் 249 என்று பெட்டியில் அச்சிட்ட ட்ரோன் 250-ஐத் தாண்டி மைக்ரோ ஆகிவிடும். சமையலறைத் தராசில் ஒருமுறை வைத்துப் பாருங்கள்.

சரி, பறக்கவிடப் போறேன்னு வைங்க. வரிசையா என்னென்ன பார்க்கணும்?

முதலில் இடத்தை உறுதி செய்யுங்கள். புதூர், புதுப்பட்டி போன்ற பெயரில் மாவட்டத்துக்குப் பல ஊர் இருக்கும். பெயரைத் தட்டித் தேடினால் வேறு புதூருக்குக் கொண்டுபோய் விடும். கூகுள் மேப்பில் நிற்கப் போகும் இடத்தில் விரலை வைத்து அழுத்தினால் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் வரும். அவற்றைக் குறித்துக்கொண்டு, டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அதே இடத்தைப் பெரிதாக்கி, ஏரிக்கரை, ரயில் பாதை, நெடுஞ்சாலை வளைவு என்று அடையாளங்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்து, நிற்கும் புள்ளியை மட்டும் பார்க்காமல் ட்ரோன் போகக்கூடிய முழுப் பரப்பையும் பாருங்கள். 500 மீட்டர் தள்ளி இருக்கும் பாலத்தைப் படமெடுக்கத் திட்டம் என்றால், உங்களைச் சுற்றி அந்த 500 மீட்டரோடு ஒரு முன்னூறு மீட்டர் கூடுதலாகவும் வட்டம் போட்டு, உள்ளே எங்கும் நிறம் மாறவில்லையா என்று பாருங்கள். எந்த உயரம் வரை பச்சை என்பதைப் படித்து, அதையே ஆப்பின் அதிகபட்ச உயரமாக வைத்துவிடுங்கள்: 120, அல்லது 8–12 வளையத்தில் 60.

இதை முந்தைய நாள் இரவு ஒருமுறை, கிளம்பும் முன் ஒருமுறை செய்ய வேண்டும். மலைப்பக்கம் போகிறவர்கள் சிக்னல் கிடைக்கும் கடைசி ஊரிலேயே நிறுத்திப் பார்த்துவிட்டு, தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். தளம் திறக்கவே இல்லை என்றால், பார்க்காமல் பறக்கவிட்டதற்கு அது சாக்காகாது.

ரிமோட்டில் உயரம் 110 மீட்டர்னுதான் காட்டுது. அப்போ 120-க்குள்ளதானே இருக்கேன்?

சமதரையில் ஆமாம். ரிமோட்டில் தெரிவது, ட்ரோன் எழும்பிய இடத்தில் இருந்து எவ்வளவு உயரம் என்பது. அதன் கீழே இப்போது இருக்கும் தரை எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்று அதற்குத் தெரியாது. காற்றழுத்தத்தை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. அடியில் உள்ள சென்சார் சில மீட்டர் தூரத்துக்குத்தான் தரையை உணரும்.

50 மீட்டர் உயரக் குன்றின் உச்சியில் நின்று எழுப்பி, 110 காட்டும்போது குன்றைத் தாண்டி வயலுக்கு மேல் போனால், தரையில் இருந்து 160 மீட்டர் ஆகிவிட்டது. பச்சை முடிந்து 40 மீட்டர் மஞ்சளுக்குள் இருக்கிறீர்கள். கொடைக்கானல், ஊட்டி, ஏற்காடு காட்சிமுனைகளில் நின்று பள்ளத்தாக்குக்குள் நேராக அனுப்புகிறவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும். இறங்கும் சரிவோடு ட்ரோனையும் இறக்கிக்கொண்டே போக வேண்டும். மொட்டை மாடியில் இருந்து எழுப்பினாலும் இதே கணக்குதான். நான்கு மாடி என்றால் 12 மீட்டரைக் கழித்துக்கொள்ளுங்கள்.

60 மீட்டர் எல்லை உள்ள இடத்தில் ‘ரிட்டர்ன் டு ஹோம்’ உயரம் எவ்வளவு வைக்கிறது?

நல்ல கேள்வி, பலர் கேட்பதே இல்லை. சிக்னல் அறுந்தால் ட்ரோன் தானாகவே ‘ரிட்டர்ன் டு ஹோம்’ (சுருக்கமாக ஆர்டிஎச்) உயரத்துக்கு ஏறி, பிறகு எழும்பிய இடத்துக்குத் திரும்பும். அது 100 என்று கிடந்தால், நீங்கள் 40 மீட்டரில் ஒழுங்காகப் பறந்துகொண்டிருந்தாலும் அது ஏறி மஞ்சளுக்குள் போய்விடும். சில ஆப்களில் அதிகபட்ச உயரத்தைக் குறைத்தால் ஆர்டிஎச் உயரமும் கூடவே குறையும், சிலவற்றில் அப்படியே நிற்கும். இரண்டு எண்ணையும் தனித்தனியாகத் திறந்து பாருங்கள்.

நம் ஊர்த் தென்னை 20, 25 மீட்டர் வரை போகும். அதனால் திறந்த வயல்வெளியில் 40 முதல் 45 மீட்டர் பொருத்தம். பக்கத்தில் செல்போன் கோபுரமோ உயரழுத்த மின்கோபுரமோ நின்றால், 60-க்குள் அதைத் தாண்ட இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வேறு இடம் தேடுங்கள்.

டிஜேஐ ஆப் தடுக்கவே இல்லை, மோட்டார் ஸ்டார்ட் ஆகுது. அப்போ பறக்கலாம்னுதானே அர்த்தம்?

இல்லை. ஆப்பில் தெரியும் தடைப்பகுதிகள், ட்ரோன் தயாரிக்கும் டிஜேஐ நிறுவனம் தானே தொகுத்து வைத்திருப்பவை. இந்திய அரசின் வரைபடத்தோடு அவை ஒத்துப்போக வேண்டிய கட்டாயமில்லை. 2025 ஜனவரியில் டிஜேஐ அமெரிக்காவில் தன் தடைப்பகுதிகளை வெறும் எச்சரிக்கைகளாக மாற்றியது. சட்டம் மாறவில்லை, பூட்டு மட்டும் கழன்றது. ஆப் தடுக்கிறது ஆனால் வரைபடத்தில் பச்சை என்கிற தலைகீழ் நிலையும் வரும். அப்போது நிறுவனத்தின் வழியில் பூட்டைத் திறக்கலாம், ஆனால் ஏன் தடுக்கிறது என்று ஒருமுறை யோசித்துவிட்டுத் திறங்கள்.

நேத்து பச்சையா இருந்தது, இன்னைக்கு சிவப்பா இருக்கு. தப்பா காட்டுதா?

தப்பில்லை. மாநில அரசோ, ஒன்றியப் பிரதேச நிர்வாகமோ, காவல்துறை போன்ற சட்ட அமலாக்க அமைப்போ அவசரத் தேவைக்கு ஒரு பகுதியைத் தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்கலாம். ஒருமுறைக்கு அதிகபட்சம் 96 மணி நேரம். தேவைப்பட்டால் மறுபடியும் அறிவிக்கலாம். இதை டிஜிட்டல் ஸ்கையிலும் காட்ட வேண்டும் என்பது விதி. இரண்டு முறை பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

பிரதமர், குடியரசுத் தலைவர் வருகை, பெரிய திருவிழா, தேர்தல் பிரசாரம், குடியரசு தினம், சுதந்திர தினம் ஆகியவற்றை ஒட்டி இப்படி வருவது வழக்கம். நாட்காட்டியைப் பார்த்தாலே பாதி ஊகிக்கலாம்.

போலீஸ் கமிஷனர் தடைன்னு பேப்பர்ல வந்திருக்கு, மேப்ல இன்னும் பச்சைதான். எதைக் கேட்கிறது?

தடையைக் கேளுங்கள். ட்ரோன் விதிகளுக்கு வெளியே, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163-ஆம் பிரிவின் கீழும் (பழைய 144) தடை உத்தரவு போட முடியும். அதை மீறினால் அரசு ஊழியரின் உத்தரவை மீறிய குற்றமாகத் தனி வழக்கு வரும். வரைபடத்தில் பச்சை என்பது ‘வான்வெளி அனுமதி வேண்டாம்’ என்பதை மட்டும்தான் சொல்கிறது. ‘வேறு யாரும் தடுக்க மாட்டார்கள்’ என்று சொல்லவில்லை.

ஆகவே வரைபடத்தோடு, போகும் மாவட்டத்தின் காவல்துறை, ஆட்சியர் அலுவலகச் சமூக ஊடகப் பக்கங்களில் ‘ட்ரோன்’ என்று ஒரு தேடல் போட்டுவிடுங்கள். ஒரு நிமிட வேலை.

எங்க ஊர்ப் பக்கம் ஏர்போர்ட்டே கிடையாது. அப்புறம் எதுக்குப் பார்க்கணும்?

பயணிகள் விமானம் வராத இடத்திலும் படைத்தளம் இருக்கும். தமிழ்நாட்டில் தாம்பரம், சூலூர், தஞ்சாவூரில் விமானப்படைத் தளங்கள். அரக்கோணத்திலும் ராமநாதபுரம் அருகே உச்சிப்புளியிலும் கடற்படை விமானத் தளங்கள். கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் அணுமின் நிலையங்கள். மகேந்திரகிரியில் இஸ்ரோவின் ராக்கெட் எஞ்சின் சோதனை வளாகம். தனுஷ்கோடிக்குப் போகிறவர் உச்சிப்புளியைக் கடந்துதான் போகிறார், அதுவும் இலங்கைக் கடல் எல்லையை நோக்கி. குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. இப்படிப் புதிய இடங்கள் வரும்போது நிறங்களும் மாறும்.

இரண்டு தளங்களின் வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுகிற இடங்களும் உண்டு. மீனம்பாக்கமும் தாம்பரமும் அப்படி, கோவை பீளமேடும் சூலூரும் அப்படி. நடுவில் இருப்பவருக்கு இரண்டில் எது கடுமையோ அதுதான் பொருந்தும்.

பெரிய கோயில், மாமல்லபுரம் எல்லாம் பச்சையில் இருந்தா எடுக்கலாமா?

அந்த நிறம் மட்டும் போதாது. தஞ்சைப் பெரிய கோயிலும் மாமல்லபுரச் சின்னங்களும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. அங்கே படப்பிடிப்புக்கு அந்தத் துறையின் அனுமதி வேண்டும். தஞ்சையில் விமானப்படைத் தளமும் இருக்கிறது, மறந்துவிட வேண்டாம். மற்ற கோயில்களில் நிர்வாகத்தைக் கேளுங்கள்.

முதுமலை, ஆனைமலை, களக்காடு போன்ற புலிகள் காப்பகங்களிலும் சரணாலயங்களிலும் வனத்துறை அனுமதி இல்லாமல் பையில் இருந்தே வெளியே எடுக்காதீர்கள். யானைகள் ட்ரோன் சத்தத்துக்கு மிரளும். மிரண்ட யானை உங்கள் மேல் பாய்வதோடு நிற்காது, பக்கத்து ஊருக்குள்ளும் இறங்கலாம்.

வயல் பாதி பச்சை, பாதி மஞ்சள். பச்சைப் பக்கம் நின்னு ஓட்டினா போதுமா?

நீங்கள் நிற்கும் இடத்துக்கு மதிப்பில்லை, ட்ரோன் இருக்கும் இடம்தான் கணக்கு. கேமரா மட்டும் மஞ்சள் பக்கம் திரும்பியிருந்தால் தவறில்லை.

எல்லைக்கோட்டை ஒட்டியே பறப்பதில் வேறு சிக்கல். சிறிய ட்ரோன்கள் வினாடிக்கு 10 மீட்டர் காற்றைத்தான் தாங்கும். ஆடி மாதக் காற்றில் மேலே அதைவிட வலுவாக வீசும். அரை நிமிடம் கட்டுப்பாடு நழுவினால் 300 மீட்டர் தள்ளிப் போய்விடும். முன்பு சொன்ன கூடுதல் முன்னூறு மீட்டர் வந்தது இந்தக் கணக்கில்தான். காற்று மஞ்சளை நோக்கி வீசினால் இன்னும் தள்ளி நில்லுங்கள்.

மஞ்சளில் அனுமதி வாங்குறது எப்படி? வாங்க முடியுமா?

முடியும், ஆனால் கிளம்பும் நாளில் கேட்டு வாங்குகிற காரியமல்ல. பதிவு எண் பெற்ற ட்ரோன், குறித்த இடம், உயரம், தேதி, நேரம் எல்லாம் கையில் இருக்க வேண்டும். யாருடைய வான்வெளி என்பதைப் பொறுத்து முடிவெடுப்பவர் மாறுவார்: மதுரை போன்ற விமான நிலையம் என்றால் இந்திய விமான நிலைய ஆணையத்தின் ஏடிசி, சூலூர் என்றால் விமானப்படை, அரக்கோணம் என்றால் கடற்படை. சும்மா ஒரு சூரிய அஸ்தமனம் எடுக்க இவ்வளவு பாடுபடுவதைவிட, பத்து கிலோமீட்டர் தள்ளிப் போவது எளிது.

45 கிலோமீட்டர், கடற்கரையில் 500 மீட்டர், தலைமைச் செயலகத்தில் 3 கிலோமீட்டர்னு வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் சுத்துதே?

2021 ஆகஸ்டுக்கு முந்தைய விதிகளில் இருந்த தூரங்கள் அவை. விமான நிலையத்தைச் சுற்றிய மஞ்சள் அப்போது 45 கிலோமீட்டராக இருந்தது, இப்போது 12. பட்டியலை வைத்துத் தடை என்றும் சொல்லாதீர்கள், பட்டியலில் இல்லை என்பதால் அனுமதி என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். முக்கியமான இடங்கள் இன்றும் சிவப்புதான். அவற்றின் இன்றைய எல்லை வரைபடத்தில் இருக்கிறது.

மச்சான் கல்யாணத்துக்கு எடுக்கிறேன், யூடியூபிலும் போடுவேன். மண்டலம் மாறுமா?

மண்டலம் மாறாது, சான்றிதழ் மாறும். மைக்ரோ ட்ரோனுக்கு வணிகமல்லாத பயன்பாட்டில் மட்டும்தான் ரிமோட் பைலட் சான்றிதழ் விலக்கு. காசு வாங்கிக்கொண்டு கல்யாணம் எடுத்தால் அது வணிகம். வருமானம் வரும் சேனலையும் வணிகமாக எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. மண்டபத்துக்கு மேல் எந்த நிறம் என்பதைத் தேதி குறித்ததுமே பார்த்துச் சொல்லிவிடுங்கள். பத்திரிகை அடித்தபின் சிவப்பு என்று சொன்னால் மாமனார் வீட்டில் பெயர் கெடும்.

பச்சையில்தான் பறக்கவிட்டேன், ரோந்து போலீஸ் வந்து நிறுத்தச் சொன்னாங்க. என்ன பண்ணணும்?

முதலில் இறக்குங்கள், பிறகு பேசுங்கள். ட்ரோன் மேலே இருக்கும்போது வாக்குவாதம் செய்தால் பேட்டரியும் தீரும், பொறுமையும் தீரும். பதிவு எண், அன்றைய ஸ்கிரீன்ஷாட், அடையாள அட்டை மூன்றையும் காட்டுங்கள். பச்சையில் காவல் நிலைய அனுமதி வேண்டும் என்று ட்ரோன் விதிகளில் இல்லை. ஆனால் அன்றைக்கு உள்ளூர்த் தடை ஏதாவது இருக்கலாம், அதைப் பணிவாகக் கேளுங்கள். கூட்டம் கூடும் இடமானால் முன்கூட்டியே காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது இந்த நிலைமையையே தவிர்க்கும்.

பச்சைதான், 120-க்குள்ளதான். திடீர்னு ஹெலிகாப்டர் சத்தம் கேட்டா?

உடனே இறக்குங்கள், வீடு திரும்பும் பொத்தானை அழுத்தாதீர்கள். அது முதலில் மேலே ஏறும் என்று ஆர்டிஎச் பதிலில் பார்த்தோம். ரிமோட்டின் குச்சியைக் கீழே இழுத்து, ட்ரோன் நிற்கும் இடத்துக்கு நேர்கீழே எது இருக்கிறதோ, ஆளில்லாத இடமானால் போதும், அங்கே இறக்குங்கள். ஆள் இருக்கும் விமானத்துக்கு எப்போதும் வழிவிட வேண்டும். தேர்தல் காலத்தில் கல்லூரி மைதானங்களில் தற்காலிக ஹெலிபேட் போடுவார்கள். அந்த ஊர்ப் பக்கம் அன்றைக்குப் போகவே வேண்டாம்.

சிங்கப்பூருக்கு எடுத்துட்டுப் போறேன். அங்கேயும் இதே 120 மீட்டர்தானா?

இல்லை. சிங்கப்பூரில் அனுமதி இல்லாத உச்சவரம்பு 200 அடி. அதுவும் தரையில் இருந்து அல்ல, சராசரிக் கடல் மட்டத்தில் இருந்து. குன்றில் நின்றால் உங்களுக்கு மிஞ்சும் உயரம் குறையும், இங்கே பார்த்த கணக்குக்கு நேர் எதிர். விமான நிலையங்கள், படைத்தளங்களில் இருந்து 5 கிலோமீட்டருக்குள் அனுமதி வேண்டும். 250 கிராமுக்கு மேல் பதிவு வேண்டும். அங்கிருந்து ட்ரோன் வாங்கி வரும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள்: 2022 பிப்ரவரி 9 முதல் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதி இந்தியாவில் தடை செய்யப்பட்டிருக்கிறது.

தெரியாமல் சிவப்புக்குள் போய்விட்டது, இறங்கும்போது ஒரு கார் மேல் மோதிவிட்டது. இப்போ என்ன?

வண்டிக்காரரிடம் பேசுங்கள், யாருக்காவது காயம் என்றால் அதுதான் முதல் வேலை. விபத்தை 48 மணி நேரத்துக்குள் டிஜிட்டல் ஸ்கை வழியாகத் தெரிவிக்க வேண்டும். ட்ரோன் விதிகளை மீறினால் அபராதம் 1 லட்சம் ரூபாய் வரை போகலாம். காவல்துறைத் தடையையும் மீறியிருந்தால் அது தனி.

பறப்புப் பதிவுகளை ஆப்பில் இருந்து அழிக்காதீர்கள். எந்த வினாடியில் சிக்னல் போனது, எவ்வளவு காற்று, ஆர்டிஎச் எத்தனை மீட்டருக்கு ஏறியது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். வேண்டுமென்றே நுழையவில்லை என்று காட்ட உங்களிடம் வேறு சாட்சி இருக்காது.